நகரம் விழுங்காத மேடு



மலாக்காவின் வரலாற்றைப் பேசச் சொன்னால் நம்மவர்கள் பெரும்பாலும் அ ஃபாமோசா கோட்டையிலிருந்துதான் தொடங்குவார்கள். பள்ளிப் பாடநூல் அப்படித்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது கோட்டை அல்ல, அரண்மனையும் அல்ல. புல் முளைத்த ஒரு மேடு. ஜாலான் பெண்டஹாரா, ஜாலான் தெமெங்கோங் பக்கம் பூமாலை வாங்கவும் புடவை எடுக்கவும் வருகிறவர்கள் இன்னும் சற்று நடந்தால் அந்த மேட்டின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அதுதான் புக்கிட் சீனா.

சாலையோரம் ஒரு சிறிய சீனக் கோயில். பக்கத்தில் சுற்றுச்சுவர் எழுப்பிய ஒரு பழங்கிணறு. பின்னால் மேடு ஏறுகிறது. உண்மையில் மேடு ஒன்றல்ல, மூன்று: புக்கிட் சீனா, புக்கிட் கெடோங், புக்கிட் தெம்புரோங். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் நிலைத்துவிட்டது. அதன் சரிவுகளில் 12,000க்கும் மேற்பட்ட சீனர் கல்லறைகள் இருக்கின்றன. சீனாவுக்கு வெளியே உள்ள மிகப் பழைய, மிகப் பெரிய சீனர் மயானங்களில் இதுவும் ஒன்று. காலையிலும் மாலையிலும் அங்கே மெதுவோட்டம் ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லாரும் வருகிறார்கள். கல்லறைகளுக்கு நடுவே ஓடுகிறோமே என்று யாரும் கூச்சப்படுவதாகத் தெரியவில்லை. கல்லறைக்காரர்களும் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

மலாக்கா நகரில் நிலம் என்ன விலை விற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கடலையே மண் போட்டு மூடி மனை பிரித்து விற்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரின் நடுவில் இத்தனை பெரிய வெற்று மேடு எப்படித் தப்பியது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது நம்முடைய தோட்டப்புறத்து நிலங்களின் கதையும் கூடவே வந்துவிடுகிறது. அதனால்தான் இதைத் தமிழ் நேயர்களிடம் பேச விரும்பினேன்.

இளவரசியும் துறவிகளும்

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் மன்சூர் ஷாவுக்குச் சீனப் பேரரசர் தம் மகளை மணம் முடித்து அனுப்பினார், அவளுடன் வந்த 500 பேரும் குடியேறிய இடமே புக்கிட் சீனா என்று ‘செஜாரா மெலாயு’ கூறுகிறது. அவள்தான் ஹாங் லீ போ. அடிவாரத்துக் கிணறும் அவள் பெயரில்தான் இருக்கிறது. சீனாவின் மிங் அரச ஏடுகளில் இப்படி ஓர் இளவரசியை மலாக்காவுக்கு அனுப்பியதாகக் குறிப்பு இல்லை. கண்ணகி சிலைக்குக் கல்வெட்டுச் சான்று கேட்கிறோமா என்ன? ஊர் நம்புகிற கதைக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை இந்தக் கதை நன்றாகவே செய்திருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கதையை விட்டு எழுத்துச் சான்றுக்கு வந்தால், 1613இல் மலாக்காவைப் பற்றி விரிவாக எழுதிப் படமும் வரைந்த மானுவல் கொடின்யோ த எரேடியா இந்த மேட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். அவர் மலாக்காவிலேயே பிறந்தவர். தந்தை போர்த்துகீசியர், தாய் சுலாவெசியைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் மேட்டின் உச்சியில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. ‘மாத்ரே த தேவுஸ்’, அதாவது இறைவனின் தாய் என்று அதற்குப் பெயர். 1629இல் ஆச்சே சுல்தான் இஸ்கந்தர் மூடாவின் படை மலாக்காவை முற்றுகையிட்டபோது இந்த மேடு போர்க்களமாகி மடமும் அழிந்தது. ஆச்சே தளபதி பங்லிமா பிடியின் சமாதி என்று வழங்கப்படும் ஓர் அடக்கத்தலமும் இங்கே இருக்கிறது. ஆக, சீனர் மேடு என்று பெயர் பெற்ற இடத்தில் கத்தோலிக்கத் துறவிகள் செபித்திருக்கிறார்கள், முஸ்லிம் வீரர்கள் உறங்குகிறார்கள். நம் மலேசியாவின் சுருக்கம் ஒரே மேட்டில் கிடக்கிறது.

இங்குள்ள சீனர் கல்லறைகளில் மிகப் பழையது என்று ஆய்வாளர்கள் காட்டுவது 1622ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்குப் பின் நடந்ததுதான் மேட்டின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்கா டச்சுக்காரர் கைக்குப் போனது. நம் பழைய ஆட்கள் அவர்களை உலாந்தாக்காரர் என்பார்கள். அவர்கள் ஆட்சியில் சீனர் சமூகத்துக்குக் ‘கப்பித்தான்’ என்ற தலைவர் இருந்தார். அப்படி இருந்தவர்களில் ஒருவரான லீ வெய் கிங், 1685 வாக்கில் இந்த மேட்டை விலைக்கு வாங்கித் தம் சமூகத்தின் மயானமாக எழுதி வைத்தார். தம் பிள்ளைகள் பெயரில் எழுதி வைக்கவில்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பின்னாளில் மேட்டின் பொறுப்பு செங் ஹூன் தெங் ஆலயத்திடம் வந்தது. அந்த ஆலயம் 1949ஆம் ஆண்டு ஒரு தனிச் சட்டத்தின் மூலமாகவே அறக்கட்டளை அமைப்பாக்கப்பட்டது. அடிவாரத்தில் நான் சொன்ன சிறு கோயில் 1795இல் எழுந்த போ சான் தெங். கல்லறை முன் ஏற்றிய மெழுகுவர்த்தியைக் காற்று அணைத்துவிடுகிறது, படையலை மழை நனைத்துவிடுகிறது என்பதற்காகவே அதைக் கட்டினார்கள் என்பார்கள்.

மயானம் என்றதும் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். ஆனால் தமிழ் இலக்கியத்தில் ஒரு மயானத்துக்கு முழுக் காதையே ஒதுக்கியிருக்கிறார் சீத்தலைச் சாத்தனார். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தைத்தான் சொல்கிறேன். சுடுவது, அப்படியே இட்டுவிட்டு வருவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த அறையில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று இறந்தவரை அனுப்பும் வழிகளைச் சொல்லும் அந்த இடத்திலேயே, அங்கு நின்ற மரங்களையும் அவற்றின் பெயரால் வழங்கிய மன்றங்களையும் அவர் சொல்கிறார். மரமும் பறவையும் நரியும் மனிதனும் கலந்து புழங்கிய பொதுவெளியாகவே அவர் மயானத்தைப் பார்த்திருக்கிறார். புக்கிட் சீனாவை நான் பார்க்க விரும்புவதும் அப்படித்தான்.

புல்லும் புதரும்

இந்த மேட்டில் என்ன வளர்கிறது? முதலில் லாலாங். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாத புல். இலை ஓரம் கையைக் கிழிக்கும், வெள்ளைப் பூ பஞ்சாகப் பறக்கும். தீ வைத்தால் மேலே உள்ளது கருகும், மண்ணுக்குள் ஓடும் தண்டு சாகாது. அடுத்த மழையில் முன்னிலும் அடர்த்தியாக எழும். லாலாங் ஓய்ந்த இடத்தில் செந்துடுக் புதர் வரும். கத்தரிப்பூ நிறத்தில் பூக்கும் அதன் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டு வீட்டில் அடி வாங்காத தோட்டத்துப் பிள்ளை யார்? அந்தப் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்பும். அதன் நிழலில் மரக்கன்றுகள் தலைதூக்கும். மனிதன் கையே படாமல் விட்டால் சில பத்தாண்டுகளில் மேடு இளங்காடாகிவிடும்.

ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் தொடக்கத்தில் சிங் மிங் வருகிறது. பிள்ளைகள் வந்து முன்னோரின் கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டி, துடைத்து, படைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே செடிகளின் கடிகாரம் திரும்பவும் புல்லிலிருந்து தொடங்குகிறது. வாரிசு இல்லாமல் போன கல்லறை பக்கத்திலேயே புதர் மண்டிக் கிடக்கும். இன்னும் சற்றுத் தள்ளி, பல தலைமுறையாக யாரும் தொடாத மூலையில் பெரிய மரம் நிற்கும். இப்படிப் புல், புதர், மரம் மூன்றும் பக்கம் பக்கமாக இருப்பதால்தான் பலவகைப் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் அங்கே பிழைப்பு. நகராட்சிப் பூங்காவில் ஒரே உயரத்துக்கு வெட்டிய புல்லில் இது கிடைக்காது. குதிரை லாட வடிவில் கட்டிய கல்லறைகள் சரிவில் சிறு சிறு படிக்கட்டுகள் போல அமைந்து மண்ணைப் பிடித்து வைப்பதும் உண்டு. கடலோரத் தாழ்நிலமான மலாக்காவில் நல்ல தண்ணீர் எப்போதுமே அருமை. மழை மேட்டில் இறங்கி அடிவாரத்துக் கிணற்றில் ஊறியது. வறட்சியிலும் வற்றாது என்று அந்தக் கிணற்றுக்குப் பெயர். டச்சுக்காரர் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பியதும் அழகுக்காக அல்ல, தண்ணீரைக் காக்கத்தான்.

ஊருக்கே பெயர் ஒரு மரத்தால் வந்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். பரமேஸ்வரா சாய்ந்து நின்ற ‘மெலாக்கா’ மரம் வேறெதுவும் இல்லை, நம் நெல்லி. வடமொழி ஆமலகம்தான் மலாயில் மெலாக்காவாயிற்று என்பர். ஔவைக்கு அதியமான் கொடுத்த கனியின் பெயரில் ஒரு பேரரசே இருந்திருக்கிறது!

ஓவியரும் எழுத்தரும்

மலாக்காவின் காட்டுச் செல்வம் கலைஞர்களை ஈர்த்த கதை இந்த ஒரு மேட்டோடு நிற்பதல்ல, சுற்றுவட்டாரம் முழுவதையும் சேர்ந்தது. 1803 முதல் 1818 வரை மலாக்காவில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்தவர் வில்லியம் ஃபார்க்குவார். இவர் சீன ஓவியர்களை அமர்த்தி, இங்குள்ள செடி, கொடி, மீன், பாம்பு, பறவை, விலங்குகளை வரையச் செய்தார். 477 ஓவியங்கள். லண்டன் அரச ஆசியச் சங்கத்திடம் கொடுக்கப்பட்டு நெடுங்காலம் கிடந்த அவை 1990களில் ஏலத்துக்கு வந்தன. ஒரு சிங்கப்பூர்த் தொழிலதிபர் வாங்கி அந்நாட்டின் அரும்பொருளகத்துக்கு வழங்கினார். மலாக்காவின் காடு இப்போது சிங்கப்பூரில் சட்டகம் போட்டுத் தொங்குகிறது என்று சொன்னால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. வரைந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. தம் வீட்டில் வளர்த்த தாப்பிர்க் குட்டி, ரொட்டிக்காகவும் பணியாரத்துக்காகவும் சாப்பாட்டு மேசைக்கே வந்து நிற்கும் என்று ஃபார்க்குவார் எழுதி வைத்திருக்கிறார்.

அதே காலத்தில் மலாக்காவில் தங்கியிருந்த ராஃபிள்ஸ், இலை பறிக்க ஒருவர், பூச்சி பிடிக்க ஒருவர், சிப்பி பொறுக்க ஒருவர் என்று ஆள் வைத்திருந்தார். பழமும் பூவும் உயிரோடு இருப்பதுபோல் வரையும் மக்காவ் சீனர் ஒருவரும் அவரிடம் இருந்தார். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? அருகில் இருந்து பார்த்த ஓர் இளைஞர் பின்னாளில் எழுதியதால். அவர் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்கா கம்போங் பாலியில் பிறந்தவர். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் இவர் நாகூர் வழியில் வந்த தமிழ் இரத்தம் கலந்தவர். கணக்குக்கும் வணிகத்துக்கும் உதவும் என்று மலாக்காவின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கமாக இருந்ததையும், தாமும் படித்ததையும் தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். 1849இல் அச்சான அந்த நூலில், காட்டிலிருந்து வந்த ஒவ்வொரு பொருளையும் வியப்போடு எண்ணிப் பார்க்கும் கண் ஒன்று இருக்கிறது. அது சந்தையில் பழகிய கண் என்று எனக்குத் தோன்றும்.

1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வந்தார். டார்வினோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படும் அந்த இயற்கை அறிஞர் காடிங், ஆயர் பானாஸ் பகுதிகளில் தங்கிப் பறவையும் பூச்சியும் சேகரித்தார், குனோங் லேடாங் ஏறினார், காய்ச்சலிலும் விழுந்தார். 1869இல் வெளிவந்த அவருடைய ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ நூலில் மலாக்காவுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அவர் நடந்த ஆயர் பானாஸ் பக்கம்தான் பின்னர் நம்மவர்கள் பால் வெட்டிய தோட்டங்கள் எழுந்தன.

மேட்டுக்கே திரும்புகிறேன். மலாக்காவில் பிறந்து, 1980இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்ற ஷெர்லி கியோக்-லின் லிம், ‘புக்கிட் சீனா’ என்ற பெயரிலேயே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த மகள் தந்தையின் கல்லறை முன் நிற்கிறாள். குடிபெயர்ந்தவர்களுக்கு ஊர் என்பது என்ன என்ற கேள்வி அதில் இருக்கிறது. நம் வீடுகளிலும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்தால் எந்த மேட்டில் போய் நிற்பார்கள்?

1984

இனி முக்கியமான கட்டம். 1980களின் முற்பகுதியில் அப்போதைய மாநில அரசு இந்த மேட்டை மேம்படுத்த விரும்பியது. ‘மேம்பாடு’ என்ற சொல்லுக்கு இங்கே நேர்ப்பொருள் மேட்டைத் தரைமட்டமாக்குவது. கல்லறைகளை அகற்றி, மண்ணை வெட்டிக் கடலோரத்தை மூடப் பயன்படுத்தலாம், வெட்டிய இடத்தில் வீடும் கடையும் கட்டலாம் என்பது திட்டம். கூடவே நில வரி பாக்கி என்று சுமார் 20 லட்சம் வெள்ளி கேட்டு ஆலயத்துக்குக் கடிதம் போனது. 1984இல் இது நாடு தழுவிய பிரச்சினையாக வெடித்தது. அறங்காவலர்கள் சீனர் சங்கங்களின் கருத்தைக் கேட்டார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆளுங்கட்சிக் கூட்டணியில் இருந்த சீனர் கட்சியும் எதிர்க்கட்சியும் இந்த ஒன்றில் ஒரே பக்கம் நின்றன. கையெழுத்து வேட்டை, கூட்டம், மேட்டைச் சுற்றி நடை என்று இயக்கம் வளர்ந்தது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது.

இளவரசிக் கதை செய்த வேலை இங்கேதான் தெரிந்தது. இது சீனர் மயானம் மட்டுமல்ல, மலாக்கா சுல்தானின் மனைவியோடு வந்தவர்கள் வாழ்ந்த இடம், மலாய் வரலாற்றிலேயே இடம்பெற்ற மேடு என்று வாதாட முடிந்தது. ஆனாலும் என் கணிப்பில் மேட்டைக் காத்தது கதையைக் காட்டிலும் பத்திரம்தான். 300 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வாங்கி எழுதி வைத்தார். அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆலயமும் சட்டப்படி அறங்காவலர்களும் இருந்தார்கள். கோபப்படுகிற கூட்டம் எல்லாச் சமூகத்திலும் சேரும். கோபத்தோடு நில அலுவலகத்துக்குப் போகும்போது கையில் ஒரு காகிதம் வேண்டும்.

இது இங்கு மட்டும் உள்ள கதையல்ல. லண்டனின் ஹாம்ஸ்டட் ஹீத் என்ற காட்டுவெளியைப் பாருங்கள். கீட்ஸ் அதன் ஓரத்தில் வாழ்ந்து கவிதை எழுதினார், கான்ஸ்டபிள் அதன் மேல் போன மேகங்களை 1820களில் வரைந்து தள்ளினார். நிலப்பிரபு அதில் வீடு கட்ட 1829 முதல் முயன்றார். நாற்பதாண்டு வழக்குக்கும் எதிர்ப்புக்கும் பிறகு 1871இல் சட்டம் போட்டு, பணம் கொடுத்து வாங்கிப் பொதுவாக்கினார்கள். மறுபக்கம் சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் மயானம். அங்கும் எழுத்தாளர், வரலாற்று ஆர்வலர், பறவை பார்ப்பவர் எல்லாரும் திரண்டார்கள். ஆனால் நிலம் அரசின் கையில் இருந்தது. 2011இல் அறிவித்த நெடுஞ்சாலைக்காக ஏறத்தாழ 4,000 கல்லறைகள் தோண்டப்பட்டன.

நம் பக்கம்

தமிழில் ‘புறம்போக்கு’ என்று ஒரு சொல் உண்டு. வரிக்கணக்குக்குப் புறம்பான நிலம் என்பதே பொருள். ஏரிக்கரை, மந்தைவெளி, சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். எல்லாருக்கும் உரியதைக் குறித்த அந்தச் சொல் காலப்போக்கில் வசைச்சொல்லாகிவிட்டது. சென்னை எண்ணூர்க் கழிமுகம் அழிவதைப் பற்றி 2017இல் கேபர் வாசுகி எழுதி, டி.எம்.கிருஷ்ணா பாடிய பாடல் அந்தச் சொல்லைத் திரும்பவும் நிமிர்த்தி வைக்க முயன்றது. அந்தப் பாடல் வந்தபோது எனக்கு எண்ணூர் நினைவுக்கு வரவில்லை, ஜாசின்தான் வந்தது.

மலாக்கா உள்நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரவள்ளி முதலாளிகள் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்தார்கள். மண்ணின் சத்து போனதும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். பின்னால் லாலாங் மூடிக்கொண்டது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ரிட்லி ரப்பர் நடுங்கள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, காது கொடுத்துக் கேட்டவர் மலாக்காவின் தான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். மலாயாவில் வாணிப நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அது என்பர். அடுத்து குனோங் லேடாங் பக்கம் புக்கிட் அசாஹான். அதற்கப்புறம்தான் நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த கதை.

லாலாங்கை ஒழிக்க வெட்டுக்கத்தி போதாதென்று சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சைத் தெளிக்க வைத்தார்கள். தெளித்தவர்களில் பலர் தமிழர். அந்தப் புல்லை மேய்ந்த மாடுகள் செத்தன. இருந்தும், தோட்டம் என்றால் ரப்பர் நிரை மட்டுமல்ல. லயத்துக்குப் பின்னால் அல்லூற்றோரம் மாடு மேய்ந்த இடம் இருந்தது. விறகு பொறுக்கிய காடு இருந்தது. முனியாண்டிக்கு ஒரு மரம், மாரியம்மனுக்கு ஒரு மேடு, பந்தாட ஒரு திடல், ஆற்றோரமாக ஒரு சுடுகாடு. எல்லாரும் ‘நம்ம இடம்’ என்றே சொன்னார்கள். கிராண்டில் எல்லாம் கம்பெனி பெயர்.

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோதுதான் அது உறைத்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளியின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். லீ வெய் கிங் தனியாளாகச் செய்ததை ஒரு சமூகமே பணம் போட்டுச் செய்யப் பார்த்தது என்று நான் நினைப்பேன். நாடு முழுதும் இருந்த தோட்டங்களுக்கு அது ஈடாகவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு பல இடங்களில் வீடமைப்புப் பகுதி வந்தது. முனியாண்டி மரமும் சுடுகாடும் வரைபடத்தில் வெறும் மனை எண்களாயின.

நம் எழுத்தாளர்களும் இதைத் தொடாமல் இல்லை. தமிழகத்திலிருந்து வந்துபோன அகிலன் 1970களில் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலில் தோட்டத்து வாழ்வைத் தமிழ்நாட்டு வாசகருக்குக் காட்டினார். என்னை அதிகம் உலுக்கியது கே.எஸ்.மணியத்தின் ஆங்கில நாவலான ‘தி ரிட்டர்ன்’ (1981). கெடாவில் நடக்கும் கதை. உரிமை இல்லாத ஆற்றோர நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு, அது தன் மண் என்று சாதிக்கிற தந்தை, கடைசியில் அந்த வீட்டோடு எரிந்து போகிறார். பத்திரம் இல்லாதவனின் நிலப்பற்று எங்கே போய் முடியும் என்பதை அதைவிடக் கடுமையாகச் சொன்ன மலேசிய நாவல் எதையும் நான் படித்ததில்லை.

மலாக்காவிலேயே மாறான சான்று ஒன்றும் இருக்கிறது. ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். 1781இல் டச்சுக்காரர் காலத்தில் மலாக்காச் செட்டி சமூகத் தலைவர் தைவநாயகம் செட்டி பெற்ற நிலத்தில் எழுந்தது. காஜா பெராங்கில் அவர்களின் கம்போங் செட்டி இருக்கிறது. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் போய்விட்டது. ஆனால் போகிக்கு முன்னோரின் கல்லறைக்குப் போய்த் துப்புரவு செய்து, ‘பார்ச்சு’ படைக்கிறார்கள். கம்போங்கை ஒட்டி அடுக்குமாடி கட்டும் திட்டம் 2013 வாக்கில் வந்தபோது எதிர்த்து நின்றார்கள். தோட்டத்தில் நாம் மொழியை விடாமல் பிடித்தோம், பள்ளிக்கூடம் கட்டினோம், நிலம் கையில் நிற்கவில்லை. அவர்களிடம் மொழி நிற்கவில்லை, நிலமும் சடங்கும் நின்றன. இதை யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாதா என்ற ஆதங்கம்தான்.

மாசி மகத்தன்று அந்த விநாயகர் ஆலயத்திலிருந்து நகரத்தார் ஏற்பாட்டில் முருகனின் வெள்ளி இரதம் புறப்பட்டு செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்குப் போகிறது. துறவி ஒருவர் தவமிருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சிறு குன்றுக்கு, தோட்டங்களை விட்டு எங்கெங்கோ சிதறிப்போன குடும்பங்களும் அன்று காவடியோடு வந்துவிடுகின்றன. மலாக்காத் தமிழருக்கு என்று ஒரு மேடு இருக்கிறதென்றால் இப்போதைக்கு அதுதான்.

ஜாசின் வட்டாரத்தில் இன்னும் சில தமிழ்ப்பள்ளிகள் தோட்டங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன: புக்கிட் லிந்தாங், டைமண்ட் ஜூபிலி, ஜாசின் லாலாங். கடைசிப் பெயரைக் கவனியுங்கள். நஞ்சு தெளித்தும் ஒழியாத புல் பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகையில் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, தாத்தா பாட்டியைக் கேட்டுப் பழைய தோட்டத்தின் படத்தை வரைந்து வரச் சொல்லுங்கள். லயம் எங்கே, கோயில் எங்கே, மாடு மேய்ந்தது எங்கே, யாரை எங்கே புதைத்தார்கள் என்று குறிக்கட்டும். அந்தப் படம் நில அலுவலகத்தில் செல்லாதுதான். எரேடியா 1613இல் வரைந்த படமும் நிலப் பத்திரம் அல்ல. ஆனால் அதில் அந்த மேட்டின் பெயர் இருக்கிறது.